எடைக்குப் போடும் கணக்கு

"இதுக்குச் செலவழிக்கிற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்ணே. பேசாம எடைக்குப் போட்டுட்டு வேற சோலியப் பாருங்க." தேனி மாவட்டத்தில் கண்டமனூரிலிருந்து வருசநாடு வரைக்கும் துருப்பிடித்த சைக்கிளோடு எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கும். டீக்கடையில் சொல்வார்கள், வீட்டில் சொல்வார்கள். சில ஊர்களில் சைக்கிள் கடைக்காரரே சொல்கிறார்.

இந்தக் கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். பழைய சைக்கிளுக்கு விற்பனை மதிப்பு இல்லை, ஆகவே அதில் போடும் காசு திரும்பாது. ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்று போகும், அதற்கு முடிவே கிடையாது. மலையடிவார ஊரில் கியர் இல்லாத வண்டியை மிதிக்க நெஞ்சில் பலம் வேண்டும். தவணையில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? கடைசியாக, ரிப்பேர் பார்க்க ஆளும் இல்லை.

இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் பால் கேனையும் புல்லுக்கட்டையும் சைக்கிளில் வைத்து மிதித்தே வளர்ந்தவர்கள். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. அதிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. விற்கிற விலை ஓட்டுகிறவனுக்கு எதற்கு?

கம்பி பிரேக் போட்ட பெரிய சைக்கிள் ஒன்று ஏறக்குறைய இருபது கிலோ இருக்கும். பழைய இரும்பு கிலோ முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், அறுநூறு ரூபாய். அறுநூறு ரூபாய் வண்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு செலவு செய்கிறவன் கிறுக்கன் என்பதுதான் முதல் வாதம். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால், கறவை மாட்டுக்குக் கறிவிலையைப் பார்த்தா தீவனம் வைக்கிறோம்?

அறுநூறு என்பது அந்த வண்டியை ஓட்டப்போவதில்லை என்று முடிவு செய்தவனுக்கான விலை. ஓட்டப்போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதே வேலையை இதைவிடக் குறைந்த செலவில் வேறு எது செய்யும்? கணக்கைத் தாராளமாகவே போடலாம். டயர் இரண்டு, டியூப் இரண்டு, எல்லாம் சேர்த்து ஆயிரத்தை ஒட்டி வரும். செயினும் பிரீவீலும் முந்நூறு. கோன், குண்டு, காட்டர் பின், பிரேக் கட்டை இருநூற்றைம்பது. ஓவராயில் கூலி நானூறு, ஐந்நூறு. கடைக்குக் கடை முன்னே பின்னே இருந்தாலும் மொத்தம் இரண்டாயிரத்தை ஒட்டி அடங்கிவிடும். இது எல்லாமே போய்விட்ட சைக்கிளுக்கான கணக்கு. திண்ணை ஓரத்தில் சாத்திக் கிடக்கும் முக்கால்வாசி வண்டிகளுக்கு இரண்டு டியூபும் கொஞ்சம் கிரீஸும் ஒரு மத்தியான நேரமும் போதும். இதே வகைப் புது வண்டி ஆறாயிரத்துக்குக் குறைந்து வராது. "இதுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்கிறவர் இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்ததே இல்லை.

2. "ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது போகும்" என்பது சைக்கிளின் குற்றமா, சரிசெய்த முறையின் குற்றமா?

இதுதான் இந்தக் கட்சியின் வலுவான வாதம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சைக்கிளில் தேய்கிற பொருளும் இருக்கிறது, தேயாத பொருளும் இருக்கிறது. ஃபிரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், கிராங்க், மட்காடு, கேரியர் எல்லாம் தேயாத கூட்டம். விபத்தில் நெளியலாம், துரு அரிக்கலாம், மற்றபடி ஆண்டுகள் கூடுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தேய்கிறவை செயின், பிரீவீல், டயர், பிரேக் கட்டை, கோன், குண்டு. விலை மலிவான பொருள்கள்தான் தேய்கின்றன, விலை கூடியவை நிற்கின்றன. யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு இது. அதைத் தலைகீழாக்கி, இருபது ரூபாய்க் கோன் போனதற்காக ஃபிரேமைத் தராசில் ஏற்றுகிறோம்.

அடுத்தது ஏன் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். இருபத்துநாலு கண்ணி எண்ணி அளந்தால் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் வர வேண்டும். தேய்ந்த செயின் நீளும். பன்னிரண்டுக்கு மேல் ஒரு நூல் கூடியிருந்தால், அந்தச் செயின் தன் கணக்குக்குப் பிரீவீல் பல்லையும் கொக்கி போல அரித்து வைத்திருக்கும். அதன் மேல் புதுச் செயினை மட்டும் போட்டால் முதல் ஏற்றத்திலேயே தாவும். "புதுச் செயின் போட்டும் பிரயோசனமில்லை" என்று சைக்கிளைத் திட்டுவோம். இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் சில வருடங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. முன்னமே அளந்து பார்த்திருந்தால் செயின் செலவோடு முடிந்திருக்கும், பிரீவீல் தப்பியிருக்கும்.

கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னும் அப்படித்தான். மிதிக்கும்போது 'டக் டக்' என்று தட்டுகிற சத்தம் வந்தால் பின் தளர்ந்திருக்கிறது. பத்திருபது ரூபாய்ப் பொருள். அரம் போட்டு முகத்தைச் சமப்படுத்தி, கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் இறக்கி, நட்டை முறுக்கினால் தீர்ந்தது. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போய், கிண்ணத்தில் பள்ளம் விழும். தட்டத் தட்டவே ஓட்டிக்கொண்டிருந்தால் கிராங்கின் ஓட்டை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் எந்தப் பின்னும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். சின்னச் செலவைத் தள்ளிப்போட்டுப் பெரிய செலவாக்கிக்கொண்டு, "சைக்கிள்னாலே செலவுதான்" என்பது என்ன நியாயம்?

"பழசுக்குப் பார்ட்ஸ் கிடைக்காது" என்று இதே வாதத்துக்கு ஒரு வால் உண்டு. இன்னொன்றும் கூடவே வரும்: "அட்லஸ் கம்பெனியையே மூடிட்டான், தெரியுமா?" தெரியும். 1951இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ், சாகிபாபாத்தில் இருந்த தன் ஆலையை 2020 ஜூன் 3ஆம் தேதி நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பது தனிக் கூத்து. ஆனால் அதனால் தெருவில் நின்ற அட்லஸ் சைக்கிள் எத்தனை? ஒன்றும் நிற்கவில்லை. கார் கம்பெனி மூடினால் கார் அனாதையாகும். சைக்கிளுக்கு அந்த ஆபத்து கிடையாது. அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும், லூதியானாவின் ஹீரோவும் ஏவனும், சோனிபட் அட்லஸும் அந்தக் காலத்து இங்கிலீஷ் ரோட்ஸ்டரின் அளவிலேயே அச்சு வார்த்தவை. முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பின் ஹப்பிலும் கிராங்க் பெட்டியிலும் கால் அங்குலக் குண்டு. ஒன்றின் கோன் இன்னொன்றில் ஏறும். தாத்தா வாங்கிய வண்டிக்கும் லூதியானாவில் போன மாதம் செய்த செயின் பொருந்தும். இந்தப் பழைய சாமானுக்கு உள்ள பொருத்தம் இப்போது வரும் பகட்டு வண்டிகளுக்குத்தான் இல்லை.

எல்லாப் பழைய சைக்கிளையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. ஃபிரேமில் ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால் பெயின்ட் சுருங்கி மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால், ஃபோர்க் பின்பக்கம் மடங்கியிருந்தால், தாராளமாக எடைக்குப் போடுங்கள். அது பல்லையும் உயிரையும் வாங்கும். அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்துவிட்டு முடிவுக்கு வாருங்கள் என்பதே என் வாதம்.

3. மலை எங்கே இருக்கிறது?

வருசநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் மேகமலையை நினைத்துக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர்களும் சைக்கிள் பேச்சு வந்தால் மட்டும் வெளியூர்க்காரர்களாகிவிடுகிறார்கள். கண்டமனூரில் தொடங்கி கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குப் போகும் சாலை மூல வைகையின் பள்ளத்தாக்கைப் பிடித்தே போகிறது. ஆறு மணலைப் பரப்பிக்கொண்டு நிதானமாக இறங்கும் சமவெளி அது. ஆற்றுக்கு உள்ள சரிவுதான் சாலைக்கும். வாலிப்பாறைக்கு அப்பால் அரசரடி, வெள்ளிமலைப் பக்கம் ஏறுவது நிஜமான மலைதான், அங்கே சைக்கிள் வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, தென்னந்தோப்பு, இலவங்காடு, பஸ் ஸ்டாப் எல்லாம் அடிவாரத்தில் அல்லவா இருக்கின்றன? நம் தினசரிப் போக்குவரத்தில் அரசரடிக்கு எத்தனை முறை போகிறோம்?

மிதிக்கிறவனுக்கு இங்கே உண்மையான எதிரி ஆடிக்காற்று. கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நட்டவர்கள் சும்மா நடவில்லை. அந்தக் காற்று முகத்தில் அடிக்கும்போது வண்டி நகராது என்பது சரி. அதற்கு மருந்தும் மலிவாக இருக்கிறது. வழக்கமான சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றி, வண்டி ஐந்தரை மீட்டர் போகும். பின்னால் 22 பல் பிரீவீல் போட்டால் அதே ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். வேகம் கொஞ்சம் குறையும், முழங்காலுக்கு வரும் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் இரண்டு கண்ணி கூடத் தேவைப்படலாம். செலவு நூற்று ஐம்பது ரூபாயை ஒட்டி. கடையில் இல்லாவிட்டால் சொல்லி வைத்தால் தேனியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கியர் சைக்கிளுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கொடுக்கச் சொல்கிறவர்கள் இந்தப் பல் கணக்கைச் சொல்வதே இல்லை.

மலிவான கியர் சைக்கிளையும் பார்த்துவிடலாம். அதன் கியர் மாற்றும் தகடு பின் சக்கர அச்சுக்குக் கீழே தொங்கும். நம் ஊர் மணலும் முள்ளும் முதலில் அதில்தான் சிக்கும். ஒருதரம் கீழே சாய்ந்தால் வளையும், வளைந்தபடியே ஓட்டினால் கம்பிக்குள் போகும். அதற்குப் பார்ட்ஸ் மயிலாடும்பாறையில் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

4. எக்ஸ்.எல். இருக்கும்போது எதற்கு?

எக்ஸ்.எல்.லைப் பழிக்க என்னால் ஆகாது. 1980இல் டி.வி.எஸ். 50 ஆக ஓசூரிலிருந்து வந்த நாள் முதல் இந்தப் பள்ளத்தாக்கின் தேங்காயையும் பருத்தியையும் உரமூட்டையையும் அதுதான் சுமந்திருக்கிறது. மூட்டைக்கு அது வேண்டும். க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோகவும் அது வேண்டும்.

ஆனால் வாதம் 'மூட்டைக்கு' என்று நிற்பதில்லை. முக்குக் கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போவதற்கும் எக்ஸ்.எல். என்கிறது. அங்கேதான் கணக்கு உதைக்கிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். நாளைக்குப் பத்து கிலோமீட்டர் சில்லறை அலைச்சல் இருந்தால் மாதம் அறுநூறு. மேலே சொன்ன முழு ஓவராயில் செலவு மூன்றரை மாதப் பெட்ரோலில் கழிந்துவிடும். இன்சூரன்ஸும் சர்வீஸும் தவணை வட்டியும் இதில் சேர்க்கவில்லை. வண்டியின் விலையே சாலைக்கு வரும்போது அரை லட்சத்தைத் தாண்டுகிறது. எக்ஸ்.எல். வைத்திருக்கிறவர் வீட்டில்தான் பழைய சைக்கிளுக்கு லாபம் கூடுதல், ஏனென்றால் அங்கே அது பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது.

ரோட்டில் பயம் என்பது இதைவிட நேர்மையான ஆட்சேபம். லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன. கம்பி பிரேக் மழையில் பிடிக்காது, ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், இது உண்மை. புதுக் கட்டை போட்டாலும் மழைநாளில் இரண்டு பங்கு தூரத்திலேயே பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். இருட்டினால் பின் மட்காட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் இல்லாமல் மெயின் ரோட்டில் ஏறவே கூடாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: பயத்துக்குக் காரணமான வேகத்தைக் கூட்டுவதில் அந்தச் சில்லறை அலைச்சல் வண்டிகளுக்கும் பங்கு இருக்கிறது.

5. நாலு பேர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வரலாறு உண்டு

சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை மாட்டிய காலம் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சீராகச் சைக்கிள் கேட்ட காலமும் இருந்தது. அன்றைக்கு அந்தஸ்து, இன்றைக்கு அவமானம் என்றால், மாறியது இரும்பில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நூற்றுக்கு 45 வீட்டில் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி 21 வீட்டில்தான். அந்தச் சைக்கிள்கள் எல்லாம் என்ன ஆயின? பத்துப் பதினைந்து வருடத்தில் எஃகு மக்கிப் போகாது.

மரியாதைப் பேச்சு பேசுகிறவர்கள் புதுக்கோட்டையை நினைக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பி. சாய்நாத் இதை எழுதும்போது ஒரு விவரத்தைக் குறித்திருக்கிறார்: லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. கல் உடைக்கப் போன பெண்களும் தண்ணீர் சுமந்த பெண்களும் நாலு பேர் நினைப்பைத் தாண்டித்தான் மிதித்தார்கள். கேலிப் பேச்சு அவர்களுக்கும் வந்தது.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். 2024இல் 'குரங்கு பெடல்' படம் வந்தபோது, வாடகைச் சைக்கிளில் பாருக்குள் காலை விட்டு ஓட்டிய கதையைக் கண்கலங்கப் பேசிய பலபேர் வீட்டில் சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. ஞாபகமாக்கிக் கும்பிடுவதும் எடைக்குப் போடுவதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் வண்டி ஓடுவதில்லை.

6. மெக்கானிக் இல்லை என்பது காரணமா, விளைவா?

எல்லோரும் எடைக்குப் போட்டார்கள், அதனால் கடைக்கு வேலை குறைந்தது, கடைக்காரர் பையனை எக்ஸ்.எல். ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினார். இப்போது கடை இல்லை என்று சொல்லி இன்னும் நாலு பேர் எடைக்குப் போடுகிறார்கள். ரிம் கோட்டம் எடுக்கத் தெரிந்த கை ஊருக்கு ஒன்று மிச்சமிருக்கும்போதே இந்தச் சங்கிலியை அறுத்தால்தான் உண்டு.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். அரசு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, பாதி வேலைக்கு மட்டும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06இல் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது விலையில்லாச் சைக்கிள் திட்டம். 2022இல் அறிவித்த கணக்கின்படி ஏறக்குறைய 6 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு 323 கோடி ரூபாய், சைக்கிள் ஒன்றுக்கு ஐயாயிரத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. "கவர்மென்ட் சைக்கிள் டப்பா" என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. எந்தப் புதுச் சைக்கிளாக இருந்தாலும் முதல் மாத ஓட்டத்தில் கம்பிகள் அமர்ந்து தளரும், கோன் இறுக்கம் மாறும், காட்டர் பின் இறங்கும். அப்போது ஒருதரம் முறுக்கிவிட்டால் வண்டி பல வருடம் நிற்கும். முறுக்காவிட்டால் பிளஸ் டூ முடிவதற்குள் ரிம் கோணலாகி, பரீட்சை முடிந்த கையோடு தராசுக்குப் போகும். மொத்த மொத்தமாகப் பூட்டி அனுப்பும் வண்டிகளுக்கு இந்த முதல் முறுக்கு இரண்டு மடங்கு அவசியம். அதைச் செய்ய ஸ்பேனரும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை.

தமிழ்நாட்டில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் மூவாயிரத்தைத் தாண்டும். அந்த 323 கோடியில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்கினால் பள்ளிக்குப் பத்தாயிரம் ரூபாய் வருகிறது. ஒரு நல்ல பம்பு, ஸ்பேனர் செட், கோன் ஸ்பேனர், கம்பி முறுக்கும் சாவி, பஞ்சர் சொல்யூஷன், ஒரு டப்பா கிரீஸ் எல்லாம் வாங்கியபின், பக்கத்து ஊர்ச் சைக்கிள் கடைக்காரரை மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துக் கூலி கொடுக்கவும் மிச்சம் இருக்கும். கடமலைக்குண்டிலும் மயிலாடும்பாறையிலும் வருசநாட்டிலும் உள்ள பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கொட்டகையில் கிடக்கும் பழைய வண்டிகளில் பத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பிரித்துப்போட்டாலே முதல் சனிக்கிழமைக்கு வேலை தயார்.